அப்பாவை மேகோங்கில் கரைத்தேன்

என் செல்ல மகளே,

அப்பாவின் சாம்பலை நேற்று அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுபோய் மேகோங் ஆற்றில் கரைத்துவிட்டேன். நீ வரும்வரை காத்திருக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே.

வழியில் பெட்ரோல் போட்ட பெண், "அக்கா, பின்னால வர்ற ரெண்டு பேரும் உங்க ஆளுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஆற்றங்கரையில் அவர்களும் இறங்கினார்கள். ஒருவன் சாம்பல் மூட்டையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அண்ணன் நல்ல மனுஷன்தான் அக்கா. மணல் அள்ளுறவங்க மேல கேஸ் போடாம இருந்திருந்தா, இன்னும் இந்த வண்டிய ஓட்டிட்டிருப்பாரு. நீங்களாவது வீட்டோட இருங்க."

நான் தலையாட்டினேன். மூட்டையை அவிழ்த்துச் சாம்பலை நீரில் விட்டேன்.

திங்கட்கிழமை அப்பாவுக்குப் பதிலாக நான் சாட்சி சொல்லப்போகிறேன். சோங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகைக்கு நீ ஊருக்கு வராதே, பாங்காக்கிலேயே இரு. அம்மா கூப்பிட்டாள் என்று யார் வந்து சொன்னாலும் வராதே.

உன் அம்மா