கருவண்டு குடியிருக்கும் பட்ட பூவரசு

ஆவணி, வெள்ளிக்கிழமை.

நீலச் சாயத்துக்கு அவுரி போடுவதற்காக என் கொழுந்தன் மேட்டுப் புதரையெல்லாம் வெட்டிக் கொளுத்தினான். கருவண்டுகள் அதோடு போயின. பூவுக்குப் பூ போக வண்டில்லாமல் என் சுரைக்கொடி பூத்துப் பூத்து உதிர்கிறது. சுரைக்குடுக்கை கட்டாமல் என் மகன் வலை எப்படி மிதக்கும்? வேலியோரத்துப் பட்ட பூவரசைத் துளைத்து இன்னும் சில வண்டுகள் குடியிருக்கின்றன. இன்று அதையும் வெட்டக் கோடரியோடு வந்தான்.

"இன்னா அண்ணி, வண்டுக்கு வக்காலத்தா?"

"ஆமாண்டா. கப்பல்ல சாயம் ஏத்திப் போற டச்சுக்காரன், அந்த உலாந்தாக்காரனுக்கு அவுரி நீ போட்டுக்கோ. வலையில உன் தலையையா கட்டி மிதக்கவுடறது?"

கூட வந்த கூலியாட்களே சிரித்துவிட்டார்கள். பாகம் பிரித்தபோது கிணற்றை அவனுக்கு விட்டுக்கொடுத்தவள் நான். அவன் மறந்திருப்பான். நான் மறக்கவில்லை.

வெட்டாமலே திரும்பிப் போனான். விடிந்ததும் மறுபடி வருவானாம். வரட்டும். பாயை மரத்தடியிலேயே போட்டுவிட்டேன்.