தரம் ஏழில் கற்பூரம்

மே 19, திங்கள்

இடமாற்றப் படிவத்தை ஒருவழியாக நிரப்பிவிட்டேன். முப்பதாம் திகதிக்குள் வலயக் கல்வி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். குருநகர் வீட்டிலிருந்து உடுப்பிட்டிப் பள்ளிக்கு இரண்டு பஸ் ஏறுவதுகூடப் பரவாயில்லை. இந்தத் தரம் ஏழின் மௌனம்தான் தாங்க முடியவில்லை.

இன்று எல்லாப் பொருளிலும் இருக்கும் நுண்ணிய துணிக்கைகள் பற்றிப் படிப்பித்தேன். திண்மத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அதிரும். திரவத்தில் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு ஓடும். வாயுவில் விலகி எங்கும் பறக்கும். "விளங்கிச்சுதோ?" "ஓம் மிஸ்." இருபத்தெட்டு வாயும் ஒரே குரலில். ஒரு கேள்வி? மூச்! ஐந்து மாதமாக இதே கதை. எனக்குப் படிப்பிக்க வராது, அவ்வளவுதான்.

மே 20

பாட ஆலோசகர் குணலட்சுமி மிஸ் வியாழன் என் வகுப்பைப் பார்க்க வருகிறாராம். போகிற நேரத்தில் இது வேறு.

மே 21

வாயுத் துணிக்கைகள் பறப்பதைக் காட்ட மணம்தான் வழி. கற்பூரம் வாங்கினேன். அந்தத் திண்மம் திரவமாகாமலே வாயுவாகும். அம்மா சிரித்தா: "வேதக்காரர் வீட்டிலை கற்பூரம் என்னத்துக்கு?"

மே 22, வியாழன்

ஐயோ, மானம் போச்சு!

கற்பூரத்தைத் தகர மூடியில் வைத்து மெழுகுதிரிக்கு மேல் பிடித்தேன். மணம் வந்ததும் பிள்ளைகள் கை உயர்த்த வேண்டும். முதலில் முன்வாங்கு, பிறகு நடுவாங்கு - அருமையாகப் போனது. திடீரென்று கற்பூரம் பற்றிக்கொண்டது. பதறிப்போய் மூடியை உயர்த்தினேன். வகுப்பே எழும்பிக் கைகூப்பியது. யாரோ "அரோகரா" என்றார்கள். பின்வாங்கில் குணலட்சுமி மிஸ்ஸும் எழும்பிவிட்டா! ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிற நான், ஐயர் மாதிரி நிற்கிறேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளைகளும் சிரித்தார்கள். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

அப்போதுதான் தனுசியா கேட்டாள்: "மிஸ், சாம்பலும் இல்லையே. அந்தத் துணிக்கையள் எங்கை போனது?"

"எரிஞ்சதாலை வேறை துணிக்கையளா மாறிக் காத்தோடை போயிட்டுது."

"எரிக்காமல் விட்டால்?"

மணி அடித்தும் ஒருவரும் அசையவில்லை.

மே 26

எரிக்காத கட்டி ஒன்றை வியாழனே யன்னலில் வைத்தோம். இன்று பாதிகூட இல்லை. அடியில் ஈரமும் இல்லை. டிலக்ஷன் சொன்னான்: "குறைஞ்சதெல்லாம் எங்கடை மூக்குக்குள்ளை, மிஸ்!" அவன் பேசுவான் என்றே எனக்குத் தெரியாது.

மே 27

அதிபர் நமசிவாயம் சேர் படிவத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார். "போறதெண்டால் மறிக்கமாட்டன், பிள்ளை." சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏன்?

மே 30, வெள்ளி

படிவம் கொடுக்கக் கடைசி நாள். ஒன்றே முக்கால் பஸ்ஸை விட்டால் அலுவலகம் பூட்டுவதற்குள் போக முடியாது. பள்ளிப் படலையடியில் என் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் மறித்தார்கள். தனுசியா இரும்புக் கம்பியைப் பிடித்த உள்ளங்கையை என் மூக்கடியில் நீட்டினாள்.

"மணந்து பாருங்கோ மிஸ். இரும்பும் மணக்குது. அப்ப அதின்ரை துணிக்கையும் பறக்குதோ?"

மணந்து பார்த்தேன். உண்மைதான். எனக்கே விடை தெரியவில்லை. பஸ் எங்களைக் கடந்து போனது.

"திங்கக்கிழமை சொல்லுறன்" என்றேன்.