கிரேனுக்கு வைத்த பொட்டு

4 அக்டோபர் 1956
மோட்டார் கிரேன் வந்து இறங்கிவிட்டது. ஆற்றங்கரையில் நிற்கும் பழைய கைக்கிரேனை அடுத்த மாதம் வெட்டி எடுக்கப் போகிறார்களாம். ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி என்பதால் என்னிடம்தான் முதலில் சொன்னார்கள். தொங்கான் படகுகளிலிருந்து எத்தனை மூட்டைகளைத் தூக்கியிருக்கும்! அங்கேயே நின்றால் யாருக்கு என்ன இடைஞ்சல்?

சோறு போட்டபடி சந்திரமதி சிரிக்கிறாள். "எங்கப்பா செத்தப்பகூட நீங்க இப்படி இடிஞ்சு போயி உட்காரல."

13 அக்டோபர்
ஆயுத பூசை. வழக்கமாகக் கிரேனுக்கு ஒரு பொட்டோடு சரி. இந்த வருடம், கிரேனின் கைப்பிடி சுற்றும் சுப்பையனிடம் சொன்னேன்: "உச்சி வரைக்கும் சந்தனம் பூசு. மஞ்சத்துணி கட்டு, மாலை போடு. வெள்ளைக்காரத் தொர பார்த்தா சாமின்னு நெனச்சு கை வைக்கப் பயப்படணும்."

"ஐயா மூளையே மூளை லா!"

15 அக்டோபர்
துரை பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்! உங்கள் தெய்வமா என்று கேட்டார். கூசாமல் தலையாட்டினேன்.

6 நவம்பர்
உத்தரவு வந்தது. இந்தியர்களின் தெய்வத்தை வெட்டக்கூடாது. பழுதில்லாமல் கழற்றி, ஆற்றைவிட்டுத் தள்ளி காஜா பெராங்கில் இருக்கும் எங்கள் கோவிலிலேயே சேர்த்துவிட வேண்டும். ஐயோ. இருந்த இடத்திலேயே விட்டுவிடுவார் என்றல்லவா நினைத்தேன்!

லோரி கிளம்பும்போது சுப்பையன் என்னைப் பார்க்கவே இல்லை. "ஆத்த விட்டுட்டு அங்க போயி அது என்னத்தத் தூக்கும், ஐயா?"

20 ஜனவரி 1957
கோவில் பின்புறம் புல்லில் கிடக்கிறது. கோவில் தலைவர் அண்ணாமலை மடக்கிவிட்டார். "இது எந்தச் சாமிங்க, கிராணியாரே? பூசை யாரு செய்யறது?"

சாமி இல்லை என்றால் ஆபீசில் என் பொய் வெளிப்படும். சாமி என்றால் பூசாரி அடிக்க வருவார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன் — வேலை போய்விடுமோ என்று பயந்தவன் வேறென்ன செய்வான்?

11 ஏப்ரல்
வெட்டிவிட்டார்கள். அன்னதானக் கொட்டகைக்குத் தூண். "சாமிக்குன்னு வந்த இரும்பு, சாமி காரியத்துக்கே ஆச்சு" என்கிறார் அண்ணாமலை. அவர்மேல் என்ன தப்பு?

8 செப்டம்பர்
துரை போய்விட்டார். புது அதிகாரி மலாய்க்காரர். நாடு நம்முடையதாகிவிட்டது, படகுத்துறையில் மிஞ்சிய பழைய சாமான்களையெல்லாம் ஜனங்கள் பார்க்கும்படி கரையிலேயே வைக்க வேண்டும் என்கிறார். நங்கூரத்துக்குச் சாயம் அடித்தாயிற்று. ஆபீசில் மாட்டியிருந்த படத்தில் கிரேனைப் பார்த்துவிட்டு, அது போன இடத்தை விசாரித்துக்கொண்டு இன்று கோவிலுக்கே வந்துவிட்டார். கொட்டகையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தோம்.

"கிரேன் எங்கே?" என்றார், தூணில் சாய்ந்தபடி.

"துவான் சாய்ந்திருப்பது அதில்தான்."

சட்டென்று முதுகை எடுத்துக்கொண்டார். எழுந்து தூணைத் தடவிப் பார்த்தார்.

"இதைக் காப்பாற்ற யாருமே முயற்சி செய்யவில்லையா?"

"யாருமில்லை, துவான்" என்றேன்.