எந்த விரல் என்று கேட்டேன்

மார்ச் 4

வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. எனவே:

1. தொட்டுக்கொண்டே இருந்தால் மூளையில் புரதங்கள் மாறும். பணியில் இருந்த காலமெல்லாம் எலிகளிடம் பார்த்தது.
2. ஒரு நேரத்தில் ஒரு தூண்டல்தான். தொடும்போது பேச்சோ பாட்டோ கூடாது.
3. வாய்ச்சொல்லை நம்பக்கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும்.
4. அவளுக்கு இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. (இதற்குச் சோதனை தேவையில்லை.)

பக்கவாதத்துக்குப் பிறகு மனைவியின் இடது கையில் அசைவு திரும்பிவிட்டது, உணர்ச்சி திரும்பவில்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்தவளுக்குக் கொப்பளித்த பிறகுதான் தெரிந்தது. மகள் கெடு வைத்துவிட்டாள்: "மாசக் கடைசி வரைக்கும் பாருங்கப்பா. ஒண்ணும் சரியாகலேன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடுவேன். பக்கத்துலயே பயிற்சி குடுக்கற இடம் இருக்கு. ஆனா ஒரு ரூம்தான், உங்களுக்கு இடம் பத்தாது." சரி என்றேன். யாரிடம்தான் நான் இல்லை என்றிருக்கிறேன்?

மார்ச் 7

ஆய்வகத்தில் எலியின் ஒரு பக்கத்து மீசையை மட்டும் தூரிகையால் தடவுவோம். மூளையின் மறுபக்கத்தில், அந்த மீசைக்கென்றே உள்ள இடத்தில், சில புரதங்கள் கூடியிருக்கும். எலியைக் கொன்று, மூளையை எடுத்து அளப்போம். இங்கே அதற்கு வழியில்லை. ஆகவே தினமும் அவள் இடது கை விரல்களைத் தூரிகையால் தடவி முடித்ததும் அவள் கண்ணைக் கட்டி, ஏதாவது ஒரு விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்கிறேன்.

இன்று வானொலியை அணைத்ததும் சொன்னாள்: "அந்த எலிங்ககிட்டயாவது ஏதாவது பேசுவீங்களா?"

"பேசினா முடிவு கெட்டுப்போயிடும்."

"குடுத்து வெச்சதுங்க. சீக்கிரம் போய்ச் சேந்துடுச்சுங்க."

இருவருமே சிரிக்கவில்லை.

மார்ச் 12

ஒன்றும் இல்லை.

மார்ச் 19

சுண்டுவிரலைத் தொட்டேன். "கட்டை விரலா?" என்றாள். கட்டை விரலைத் தொட்டேன். "மோதிர விரல்." தப்பு, தப்பு. தூரிகை போதாதோ? என் கை நடுங்குகிறதோ? எலிகளிடமும் தவறாகத்தான் அளந்தேனோ? ஒருமுறை கூட்டத்தில் துறைத் தலைவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "உங்களவிட உங்க எலிங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி சார்." எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 26

மகள் போன் செய்தாள். "தேறுதாப்பா?" பார்க்கலாம் என்று இழுத்தேன். படுத்தபடியே மனைவி உரக்கச் சொன்னாள்: "ஒண்ணும் தேறல, நீ வா!" குரலில்தான் என்ன தெம்பு.

மார்ச் 28

இன்றும் எல்லாம் தப்பு. குளிக்கும்போது உறைத்தது.

உணர்ச்சியே இல்லாதவர் குருட்டாம்போக்கில் சொன்னால்கூட ஐந்தில் ஒன்று சரியாக வந்துவிடும். இவள் இத்தனை நாளில் ஒருமுறைகூடச் சரியாகச் சொல்லவில்லை. ஒருமுறைகூட! எப்போதும் தப்பாகவே சொல்ல வேண்டுமென்றால் சரியானது எதுவென்று தெரிந்திருக்க வேண்டும்.

தெரிகிறது அவளுக்கு. தூரிகை வேலை செய்திருக்கிறது. வெற்றி! துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன் ஈரத்தோடு நிக்கறேன். ஏன்டி, எதுக்குடி இப்படி — கேக்க வாய் வரல. கேட்டா பதில் சொல்லிடுவாளே.

மார்ச் 30

நடுவிரலைத் தொட்டேன். சற்று யோசித்தாள். தெரியாதவள் எதற்கு யோசிக்கிறாள்? "சுண்டுவிரல்" என்றாள். கண்கட்டை அவிழ்த்தேன்.

"என்ன, தப்பா?"

"தப்புதான்."

"நான்தான் சொன்னேனே, இது தேறாதுன்னு."

மார்ச் 31

மகள் வாசலிலேயே கேட்டாள்: "ஏதாவது முன்னேற்றம் உண்டாப்பா?"

பெட்டி தயாராக இருந்தது. மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன். தெரிந்தே நான் சொன்ன முதல் பொய் முடிவு.

"விடுங்கப்பா, உங்களால ஆனதப் பாத்தீங்க."

கிளம்பும்போது மனைவி அருகில் வந்தாள். என் முகத்தைப் பார்த்தபடியே, இடது கையால் என் தோளைத் துழாவி, சட்டையில் ஒட்டியிருந்த ஒற்றை நூலை எடுத்துப் போட்டாள். பிறகு காரில் ஏறிக்கொண்டாள்.

முதல் மூன்றும் சரி. நான்காவது தவறு.