வாலிபர் கூட்டத்தில் குறட்டை

அன்பு மகள் சுகுணாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் என் முழங்கால் வலியையும் உன் அப்பாவின் பிடிவாதத்தையும் தவிர இங்கே வேறு குறையில்லை, டப்ளின் குளிரில் உன்னையும் அவரே காக்கட்டும்.

சங்கதி கேள். நம் மத்திகிரி சபையில் வாலிபர் ஐக்கியத்தை நடத்த ஆள் கிடைக்காமல் போதகர் ஐயா உன் அப்பாவைப் பிடித்துப் போட்டுவிட்டார், பென்ஷன் வாங்குகிற வாலிபர். பிள்ளைகள் சேராவிட்டால் ஐக்கியத்தையே மூடிவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். இவர் உடனே கடைத்தெருவுக்குப் போய் ஒரு டீ-ஷர்ட் வாங்கி வந்தார், அதற்குள் வயிறு அடங்கவில்லை, அது வேறு கதை. ஞாயிறு மத்தியானம் நம் வீட்டு ஹாலில் முதல் கூட்டம். எல்லாம் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள். "விழித்திருங்கள்" என்ற தலைப்பில் இவர் பிரசங்கம் தொடங்கி முதல் குறிப்பை முடிப்பதற்குள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் சுடலைமுத்து போட்ட குறட்டையில் ஜன்னல் அதிர்ந்தது. எழுப்பப் போன என்னை இவர் தடுத்து, "பாவம், நைட் ஷிப்டு முடிச்சு நேரா வந்திருக்குதுங்க, தூங்கட்டும் விடு" என்று சொல்லிவிட்டு மிச்சப் பிரசங்கத்தை என் காதுக்குள் சொல்லி முடித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் தப்பித்து வந்த பிரசங்கம்.

அந்த நேரம் பார்த்துப் போதகர் ஐயா உள்ளே வந்தார். பாயில் கிடந்தவர்களைப் பார்த்து, இதுதான் ஐக்கியமா என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பேச்சில் சுடலைமுத்து விழித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி செருப்பைத் தேடினான். முன்பு ஆராதனையில் தூங்கியதற்கு யாரோ ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் திட்டினாராம், அதோடு சபைக்கே வராமல் நின்றவன், உன் அப்பா கூப்பிட்டதால் வந்திருக்கிறான். "ரூம்ல ஒருத்தன் எந்திரிச்சா அந்தப் பாயில அடுத்தவன் படுக்கான் அய்யா. ஊர விட்டு வந்து இன்னைக்குத்தான் நல்லா தூங்குனேன்" என்றான். போதகர் ஐயா அவன் தோளை அழுத்தி மறுபடி படுக்க வைத்துவிட்டு, அடுக்களைக்கு வந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். கண்ணைத் துடைத்தார், வெங்காயம்தான் என்றார்.

எல்லாரும் எழுந்து களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்ட பிறகு பேச்சு தானாக வந்தது. சபையில் வாயே திறக்காத பாரூர்ப் பெண் மணிமேகலை தானே ஜெபம் செய்தாள். தன் லைன் லீடருக்கு நல்ல புத்தி கொடும், இல்லாவிட்டால் அவரை வேறு பிளாண்டுக்கு மாற்றும் என்று கேட்டாள். ஐயாதான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் போட்டார். மறு ஞாயிறு ஆராதனையில், வாலிபர் ஐக்கியம் தொடரும், பிள்ளைகள் ஆளுக்கொரு பாய் கொண்டுவரவும் என்று அவரே அறிவித்தார். இப்போது நம் ஹாலில் கால் வைக்க இடமில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, நீயும் நைட் டியூட்டி பார்க்கிறவள், பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கு. அங்கே உன்னைத் தூங்கவிடுகிற ஒரு வீட்டை ஆண்டவர் காட்டட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு, உன் கட்டிலில் மணிமேகலை தூங்கிக்கொண்டிருப்பாள், அவளைத் திடீரென்று எழுப்ப எனக்கு மனசு வராது.

முத்தங்களோடும் ஜெபத்தோடும்,
உன் அம்மா