உன் புகாரில் உள்ள ஒரு வரி

மேனாம்பேடு,
அம்பத்தூர்.
ஜூன் 9

அன்புள்ள தம்பி தமிழரசுக்கு,

ஆரோக்கியம்மாள் அண்ணி எழுதுகிறேன். மாதாவின் தயவால் நீ சவூதியில், தம்மாமில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஷிப்டில் இருந்திருப்பாய். அதனால்தான் உன்னோடு குடித்தனம் நடத்த வருகிற ரேணுகா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவள் இதைப் பிரித்துப் படிக்கவில்லை. நீயும் தனியாக உட்கார்ந்து படி.

எங்கள் மகள் ஸ்டெஃபி பி.காம். இரண்டாம் வருஷப் பரீட்சை எழுதிவிட்டாள். எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டி மூன்று மாதமாகிறது, இன்னும் மூடவில்லை. பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறோம். உன் அண்ணனை நான் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன்.

அவரை ஏப்ரலில் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். அவர் குடியை விட்டு ஆறு வருஷமாகிறது. கூடப் பிறக்காத தம்பியாக இருந்து விட வைத்ததே நீதான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொங்கலுக்குப் பிறகு கால் தள்ளாட ஆரம்பித்தது, நாக்குக் குழறியது. பழைய குடிகாரன் தள்ளாடினால் யார் வேறு விதமாக நினைப்பார்கள்?

பிப்ரவரியில், நீ தம்மாமுக்குப் போகும் முன், அவர் குடித்துவிட்டு வருகிறார் என்று புகார் எழுதிக் கொடுத்த பிறகு, கம்பெனி கேட்டில் தினமும் கருவியில் ஊதச் சொன்னார்கள். ஒரு நாள்கூட அந்தக் கருவி எதையும் காட்டவில்லை. காவலுக்கு நிற்கும் ஜம்புலிங்கம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, மிசின் ரிப்பேரு போலக்கீது. நீ ஊட்டுக்குப் போய்ப் படு" என்றாராம். வேறு கருவி வந்தது. அதிலும் ஒன்றுமில்லை. அதற்கு சூப்பர்வைசர், இப்போதெல்லாம் வாடை வராத போதை மாத்திரை கிடைக்கிறது என்று சொல்லிவிட்டார். கடைசியில் பிரஸ்ஸுக்குத் தகடு வைக்கும்போது கை நடுங்கித் தகடு காலில் விழுந்தது. அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். சிறுமூளை சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். பார்க்கிறவர்களுக்குக் குடித்தவர் மாதிரிதான் தெரியும், இது சரியாகாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற வியாதியாகவும் இருக்கலாமாம். ஸ்டெஃபியையும் அழைத்து வரச் சொன்னார். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கம்பெனியில் கொடுத்தேன். ஆபீசில் இருக்கும் தட்சிணாமூர்த்தி சார் நல்லபடியாகத்தான் பேசினார். "வியாதி இருக்கலாம்மா. ஆனா கூட வேலை செஞ்சவரே வாய்ல சாராய வாடை அடிச்சுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே" என்று உன் புகாரைக் காட்டினார். உன் கையெழுத்து எனக்குத் தெரியும். வரும் பதினெட்டாம் தேதி விசாரணை. குடித்ததாக முடிவானால் டிஸ்மிஸ். வியாதி என்று முடிவானால், உட்கார்ந்து செய்கிற வேலை தருவார்களாம். டிஸ்மிஸ் ஆனால் ஈ.எஸ்.ஐ. சிகிச்சையும் போய்விடும்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, தம்பி. அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நீ புகார் கொடுத்த அன்று சாயங்காலம் ஜம்புலிங்கம் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே உன் அண்ணன் தள்ளாடிக்கொண்டு வந்தார். கிட்டே போய் முகர்ந்துகூடப் பார்க்காமல், தெருவே பார்க்க அவர் கன்னத்தில் அறைந்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். "நா குடிக்கல ஆரோக்கியம். இன்னா பண்ணுவேன், காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்று வாசலில் நின்று சொன்னார். அந்த வார்த்தையும் குழறிக்கொண்டுதான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் ஹாலில் தரையில் ஓடும் டைல்ஸ் கோட்டைப் பார்த்து நடந்து பழகுகிறார். விசாரணை அறைக்குள் நேராக நடந்து போக வேண்டுமாம். நான்கு அடிக்குள் சுவரைப் பிடித்துவிடுகிறார். நான் அடுப்படியில் இருந்துகொண்டு பார்க்காதது போல் இருக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "தமிழு பொய் சொல்ற ஆளில்ல. அவன் கண்ணுக்கு அப்டிதான் தெரிஞ்சிருக்கும்" என்கிறார். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

தம்பி, அன்று அவர் தள்ளாடியதை நீ பார்த்தாய். அது நிஜம், அப்படியே இருக்கட்டும். வாடை அடித்தது என்ற அந்த ஒரு வரியை மட்டும் நினைத்துப் பார். நிஜமாகவே அடித்ததா? நடையைப் பார்த்ததும் அடித்தது போல் தோன்றிவிட்டதா? அடிக்கவில்லை என்றால், பதினெட்டாம் தேதிக்குள் தட்சிணாமூர்த்தி சாருக்கு அதை எழுதி அனுப்பு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அடித்தது என்றால் கம்பெனிக்கு எதுவும் எழுத வேண்டாம். எனக்கு மட்டும் எழுது. எதுவானாலும் எனக்கு எழுது. இருபத்து நான்கு வருஷம் அவரோடு வாழ்ந்துவிட்டு, இதை உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நீயும் ரேணுகாவும் ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பி வாழ, மாதா துணை இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி
ஆரோக்கியம்மாள்