கழுதைக் கதையின் ஒன்பதாம் பக்கம்

சே. ம. சூ.
மாரண்டஹள்ளி வழி
8.12.2025

அன்புள்ள தங்கச்சி சகாயராணிக்கு, அண்ணன் அமல்தாஸ் எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று பூசையில் வாசகம் வாசிக்கிற சின்னப்பன் சாருக்குக் காய்ச்சல். சாமியார் என்னைப் பார்த்து, "அமல்தாஸ், நீங்க வாங்க" என்றார். ரேடியோ செட் கடை வைத்திருக்கிறவன் மைக்கைக் கண்டு பயப்பட மாட்டான் என்று நினைத்தார் போல. போய் நின்றேன். அஞ்சாவதோடு நின்றவனுக்கு அவ்வளவு பெரிய புத்தகம். எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. "கண்ணாடி எடுத்தாரலீங்க சாமி" என்று மைக்கிலேயே சொன்னேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. கோயில் முழுக்கப் பார்த்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். உன் மகள் ஜெசிந்தா ஞாபகம் வந்தது. போன கிறிஸ்துமஸில் குடில் முன்னால் வாசிக்கும்போது பிள்ளை நடுவில் நின்றுவிட்டாள் இல்லையா. அப்புறம் சாப்பிடும்போது நான் அவளை மாதிரியே திக்கித் திக்கி வாசித்துக் காட்டினேன். எல்லோரும் புரையேறச் சிரித்தீர்கள், உன்னைத் தவிர. உனக்கு மறந்திருக்காது. எனக்கு மறந்திருந்தது, நேற்று வரைக்கும்.

நீ என் நம்பரை பிளாக் செய்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தபால்காரரை பிளாக் செய்ய வழி இல்லை பார். மேலே சேசு மரி சூசை பேரைப் போட்டிருக்கிறேன், கிழித்துப் போட்டால் பாவம்.

இன்னொரு சேதி. நம்ம ஊர் ஸ்கூல் அமுதவல்லி டீச்சர் கடைக்கு வந்து, "லீவு வுட்டா பசங்க போன்லயே கெடக்குதுங்க. புஸ்தகத்த நீட்டினா பாம்ப நீட்டின மாதிரி ஓடுதுங்க. நீங்க எதாச்சும் யோசன சொல்லுங்கண்ணா" என்றார். என்னிடம் போய் யோசனை கேட்டது அவர் தப்பு. வருஷாவருஷம் ஊருக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிறவன் நான்தானே. 26ஆம் தேதியிலிருந்து ஜனவரி 3 வரைக்கும் ஒன்பது நாள், நவநாள் மாதிரி. ஒன்பது வீட்டு நட்சத்திரத்துக்குள் ஒரு கதையின் ஒன்பது பக்கம். நாளைக்கு ஒரு வீடு. சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைதான் வாசிக்க வேண்டும். மிச்சக் கதை வேண்டுமென்றால் மறுநாள் அடுத்த வீடு.

கதை நான் சொன்னது, எழுதியது டீச்சர். தக்காளி சுமக்கிற ஒரு சோம்பேறிக் கழுதை பெத்லகேமுக்குக் கிளம்பி, வழியெல்லாம் மேய்ந்துகொண்டே போகிறது. உன் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

ஒன்பதாம் பக்கம் நம் வீட்டு நட்சத்திரத்தில். நம் வீட்டில் வாசிக்கப் பிள்ளை இல்லை, பையன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். ஜெசிந்தாவை அனுப்பி வை.

அண்ணன்
அமல்தாஸ்


மொரப்பூர்
15.12.2025

அண்ணனுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றிலிருந்து ஜெசிந்தா வாய்விட்டு வாசிப்பதில்லை. வகுப்பில் எழுப்பினால் தொண்டை வலி என்கிறாள். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது உதட்டை மட்டும் அசைக்கிறாளாம், மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டில் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறாள், எல்லாம் மனசுக்குள். பால் பாக்கெட்டில் இருக்கிறதைக்கூடச் சத்தமாக வாசிக்க மாட்டாள்.

குட்டையாக இருக்கிறேன் என்று எனக்கு 'அரைப்படி' என்று பேர் வைத்தீர்கள். நாற்பது வயசிலும் நம்ம ஊர்ச் சந்தையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன். அவளுக்கு அப்படிப் போகத் தெரியவில்லை. அவளுக்கு ஒன்பது வயசு.

என்னிடம் எதற்கு எழுதுகிறீர்கள்? அவளுக்கு எழுதுங்கள். அதில் விளையாட்டு வேண்டாம்.

இவர் சோம்பேறி இல்லை. நைட் ஷிப்ட்.

சகாயராணி


சே. ம. சூ.
மாரண்டஹள்ளி வழி
19.12.2025

அன்புள்ள ராணிக்கு,

அரைப்படி என்று இனிமேல் கூப்பிட மாட்டேன். சந்தையில் இருக்கிறவர்களுக்கு நான் பொறுப்பேற்க முடியாது, ஆனால் சொல்லிப் பார்க்கிறேன்.

உள்ளே ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன், அது பிள்ளைக்கு. நாலு முறை எழுதினேன். முதல் மூன்று முறையும் கடைசி வரியில் ஒரு கிண்டல் வந்து உட்கார்ந்துகொண்டது. உன் அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, மன்னிப்பு கேக்கறீங்களா, மைக் டெஸ்ட் பண்றீங்களா?" என்றாள். நாலாவது முறை இவ்வளவுதான் எழுதினேன்:

"ஜெசிந்தா, போன வருஷம் உன்னை மாதிரி வாசித்துக் காட்டியது தப்பு. இந்த வருஷம் கோயிலில் மாமாவால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. நீ பத்து வரி வாசித்தாய். மாமா."

அதோடு கதையின் முதல் பக்கத்தையும் வைத்திருக்கிறேன். டீச்சர் எழுத்து, அழகாக இருக்கும். தூண்டில் போடுகிறேன் என்று நீ சொல்வாய். ஆமாம், தூண்டில்தான்.

அண்ணன்
அமல்தாஸ்


மொரப்பூர்
26.12.2025

அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. அண்ணி கொடுத்து அனுப்பிய முறுக்கு வந்தது.

உங்கள் தாளை வாங்கிப் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தாள். ஜாமெண்ட்ரி பாக்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்து, நான் தோசை ஊற்றும்போது வந்து நின்று, "கழுத அப்பறம் எங்க போச்சாம்மா?" என்றாள்.

"மாமாவப் போன்ல கேளு."

"போன் வேணாம். நேர்ல போய்ப் பாத்துக்கறேன்."

எனக்குக் கம்பெனியில் லீவு இல்லை. 1ஆம் தேதி இவர் தருமபுரி வந்து மாரண்டஹள்ளி பஸ் பிடித்து அவளைக் கொண்டுவந்து விடுவார். 4ஆம் தேதி காலை வந்து கூட்டிக்கொள்வார். மூன்று நாள்.

அவளை வாசிக்கச் சொல்லக் கூடாது. நீங்களும், அண்ணியும், டீச்சரும், ஒருத்தரும். அவள் வருவது கதை தெரிந்துகொள்ள, வாசிக்க இல்லை. யாராவது ஒருத்தர் கேட்டது தெரிந்தாலும் அடுத்த பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அதற்கப்புறம் என் வீட்டு விசேஷத்துக்கும் உங்களைக் கூப்பிட மாட்டேன். அவளுக்கு ஒரே தாய்மாமன் என்பதால்தான் இதையும் எழுதுகிறேன்.

நம்பரை இன்னும் திறக்கவில்லை. அவள் திரும்பி வரட்டும், பார்க்கலாம்.

சகாயராணி


சே. ம. சூ.
மாரண்டஹள்ளி வழி
30.12.2025

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கும் டீச்சருக்கும் படிக்கக் கொடுத்துவிட்டேன். ஒருத்தரும் கேட்க மாட்டோம். நான் கேட்கவே மாட்டேன். என் வாய்க்கு நானே பிளாக் போட்டிருக்கிறேன்.

நாலு பக்கம் ஆகிவிட்டது. முதல் நாள் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். நேற்று இருபது. கூடவே பெரியவர்களும் வருகிறார்கள். கழுதை சத்திரத்தில் மாட்டிக்கொண்டதில் நிறுத்தியிருக்கிறோம். எதிர்வீட்டுக் குள்ளம்மாள் இன்று காலையிலேயே வந்து, "ஏம்பா, அந்தக் கழுதய அவுத்து வுட்டாங்களா இல்லியா? எனக்கு மட்டும் சொல்லு" என்று கேட்டாள். சொல்லவில்லை. "நாங்க ஏசு கும்புடலன்னா எங்க வூட்டுக்கு நட்சத்திரம் கெடையாதா?" என்று சண்டை போட்டாள். ஆறாம் பக்கத்தை அவள் வீட்டுக்கு மாற்றிவிட்டோம். அவள் பேரன் இப்போதே கோழிகளிடம் வாசித்துப் பழகுகிறான்.

ஒன்பதாம் பக்கத்தை நானே வாசிப்பதாக டீச்சரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை இல்லாத வீட்டுக்கு வேறு வழி இல்லை. தினம் கொஞ்சம் பழகுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

அண்ணன்
அமல்தாஸ்


சே. ம. சூ.
மாரண்டஹள்ளி வழி
4.1.2026

அன்புள்ள ராணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

வந்த இரண்டு நாளும் பிள்ளைகள் கூட்டத்தில் கடைசியாக நின்று கேட்டாள். யாரும் அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. முதல் நாளே டீச்சரிடம் போய், தான் கேட்காத பக்கங்களை வாங்கி வந்து வைத்துக்கொண்டாள். கேட்ட இரண்டையும் அப்புறம் வாங்கிச் சேர்த்துக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் உன் அண்ணி மாவு அரைக்கப் போயிருந்தாள். ஒன்பதாம் பக்கத்தை எடுத்து இன்னொரு தடவை பழகலாம் என்று மாட்டுக் கொட்டகை மேல் கட்டியிருந்த நட்சத்திரத்துக்கு ஏணி போட்டு ஏறினேன். பக்கத்தைக் கையில் எடுத்துவிட்டேன். கீழே பார்த்தால் ஜெசிந்தா வந்து கன்றுக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் எட்டுப் பக்கமும். முதல் பக்கத்தை எடுத்து, கன்றுக்குட்டிக்கு வாசிக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு.

இறங்கினால் ஏணி கிரீச் என்று கத்தும். கத்தினால் நிறுத்திவிடுவாள். வலது காலை ஊன்றியபடியே நின்றேன். மூன்றாம் பக்கத்தில் 'சத்திரக்காரன்' என்கிற இடத்தில் மாட்டிக்கொண்டாள். மூன்று தடவை முட்டினாள். என் வாய் துறுதுறு என்றது. எடுத்துக் கொடுக்கத் துடித்ததா, கிண்டல் பண்ணத் துடித்ததா என்று எனக்கே தெரியவில்லை. மூடிக்கொண்டேன். நாலாவது தடவை தாண்டிவிட்டாள். அப்புறம் எட்டுப் பக்கமும் ஓடியது. முடித்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "மாமா, ஒம்போதாவது பக்கத்தப் போடுங்க" என்றாள்.

"எப்ப கண்ணு பாத்த?"

"நீங்க ஏறும்போதே பாத்தன். சிரிக்கறீங்களான்னு பாத்துக்கிட்டேதான் படிச்சேன்."

போட்டேன். அதையும் வாசித்தாள். கழுதை போய்ச் சேரும்போது ராஜாக்கள், இடையர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், குழந்தை மட்டும் தூங்காமல் முழித்துக்கொண்டிருக்கிறது, அதுதான் கடைசிப் பக்கம். கன்றுக்குட்டியின் தலையில் தட்டிவிட்டு, "சாயந்தரம் நானே படிக்கறேன். மைக் வேணாம்" என்றாள். நான் கேட்கவில்லை ராணி, மாதா சத்தியமாகக் கேட்கவில்லை.

சாயங்காலம் முப்பது பேருக்கு முன்னால் வாசித்தாள். இரண்டு இடத்தில் நின்றாள். அவள் நின்றபோதெல்லாம் நாங்களும் காத்து நின்றோம். முடித்ததும் குள்ளம்மாள், "கழுதைக்கி அப்பறம் தீனி எதாச்சும் வெச்சாங்களா?" என்று கேட்டாள். வைத்தார்கள் என்று ஜெசிந்தாவே சொல்லிவிட்டாள். அது கதையில் இல்லை.

பிள்ளை உன்னிடம் வேறு மாதிரி சொல்லக்கூடும் என்பதால் ஏணியிலிருந்து இறங்கியதையும் எழுதிவிடுகிறேன். அரை மணி நேரம் நின்றதில் வலது கால் மரத்திருந்தது. இரண்டாவது படியை மிதித்துவிட்டேன் என்று நினைத்தேன். மிதிக்கவில்லை. கீழே மாட்டுத் தொட்டியில் உன் அண்ணி தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைத்திருந்தாள். அதில் உட்கார்ந்தேன். அண்ணி வந்ததும், நான் விழுந்தது எப்படி என்று ஜெசிந்தா நடித்துக் காட்டினாள். இரண்டு தடவை. ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. மாட்டுக்கு வேறு தவிடு கரைத்து வைத்தோம்.

அண்ணன்
அமல்தாஸ்